கோஷா ஆஸ்பத்திரியும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயும்

சென்னை திருவல்லிக்கேணியில், சேப்பாக்கத்தை ஒட்டி, கஸ்தூரிபா காந்தி தாய்சேய் மருத்துவமனை இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொன்னால் உடனே வண்டியை எடுப்பார். 1885ல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவரின் முயற்சியில் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை 'சாதி மற்றும் கோஷா' பெண்களுக்கானது என்றே பெயர் பெற்றது. 'சாதி' என்றால், பொது மருத்துவமனையில் எல்லோரோடும் படுக்க வர மறுத்த சாதி இந்துப் பெண்கள். 'கோஷா' என்றால், அந்நிய ஆண்கள் முன் வராத பெண்கள். காலப்போக்கில் மக்கள் வாயில் கோஷா மட்டும் தங்கிவிட்டது. சாதி உதிர்ந்துவிட்டது. பெயரிலிருந்து உதிர்ந்ததைச் சொல்கிறேன்.

இந்த மருத்துவமனையில் 1931ன் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வேலை செய்தார். கருவுற்ற ஏழைப் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு சோகைக்குக் காரணம் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. குழந்தைகளின் புற்றுநோய் அவருடைய ஆராய்ச்சியில் எங்குமே இல்லை. ஆனால் இன்று ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தைக்கு அடையாற்றிலோ எழும்பூரிலோ கொடுக்கப்படும் மருந்துகளில் முக்கியமான ஒன்று அந்த வேலையின் வழியில் வந்தது.

இந்த வரலாற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசு தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையை நம் மாவட்டக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது, நம் தோழர்கள் சிலரே முகம் சுளித்தார்கள். "குடிக்கத் தண்ணி இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, நீங்க ஆராய்ச்சிக்குக் காசு கேக்குறீங்களா?" என்றார் ஒரு அண்ணன். ஆராய்ச்சி என்பது குளிரூட்டப்பட்ட அறையில் மேல்சாதி விஞ்ஞானிகள் செய்கிற வேலை, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆராய்ச்சியில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம். நம்முடைய உடம்புகள் இருக்கின்றன.

1928ஆம் ஆண்டு பம்பாய்க்குப் போவோம். அந்த ஆண்டு பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம். ஆலைகளில் தீண்டப்படாத தொழிலாளர்களுக்கு நூற்புப் பிரிவில் மட்டுமே இடம், கூலி அதிகமான நெசவுப் பிரிவில் இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் பட்டுவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் இதைச் சேர்க்கச் சொல்லி அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களோடு வாதாடியது நமக்குத் தெரிந்த வரலாறு. அதே ஆண்டு ஜூலை 28 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் அவர் இன்னொரு விஷயத்துக்காக எழுந்து நின்றார். ஆலைப் பெண்களுக்கான மகப்பேறுச் சலுகை மசோதா அது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுக்குப் பணம் வேண்டும், அதில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்று பேசினார். அதோடு நிற்கவில்லை. மக்களின் நலனைக் காப்பது முதன்மையாக அரசின் வேலை, ஆகவே இந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பதே முறை என்றும் சொன்னார். 1929ல் அந்த மசோதா சட்டமானது.

அந்த 1928ல்தான் லூசி வில்ஸ் பம்பாய் வந்தார். ஆலைப் பகுதிகளில் கருவுற்ற பெண்கள் ஒரு கடுமையான சோகையால் வெளுத்து, வீங்கி, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் செத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் மார்கரெட் பால்ஃபோர் பேறுகால மரணங்கள் குறித்த ஒரு விசாரணையை நடத்திக்கொண்டிருந்தார். வில்ஸை அழைத்தவர் அவர்தான். வேலை நடந்த இடம் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனம். இந்த விசாரணையை நடத்தியது இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம். 1911ல் அரசு ஏற்படுத்திய அமைப்பு அது. 1949ல் அதன் பெயரைத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று மாற்றினார்கள். கொரோனா காலத்தில் தினமும் செய்தியில் கேட்டோமே, அந்த ஐ.சி.எம்.ஆர். அது காலனி அரசின் காலம். அரசின் பணம் என்றால் உப்புக்கும் நிலத்துக்கும் வரி கட்டிய மக்களின் பணம்.

வில்ஸ் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். முதலில் கிருமி இருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்களின் வீட்டுக்குள் பார்த்தார். தல்படே என்பவரோடு சேர்ந்து 1930ல் அவர் வெளியிட்ட கட்டுரை, பம்பாய்ப் பெண்களின் உணவு, சுகாதார நிலைமைகள் பற்றிய ஒரு கணக்கெடுப்பு. யார் வீட்டில் காய்கறி வாங்குகிறார்கள், யார் வீட்டில் பால், பழம், இறைச்சி இருக்கிறது, யார் வீட்டில் சோறும் குழம்பும் மட்டும் என்பதுதான் அந்த ஆராய்ச்சி. நோய் தட்டில் இருக்கிறது என்று தெரிந்தது. ஏழை இஸ்லாமியப் பெண்கள் சாப்பிட்ட உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளும் வெளுத்தன. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது தேறின. பிறகு குரங்குகள். அப்புறம் பெண்கள். இடையில் 1929ல் சில மாதங்கள் நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931ல் முன்பு சொன்ன கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை தொடர்ந்தது.

குணமாக்கிய பொருள் என்ன தெரியுமா? மார்மைட். பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்கிற, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான கறுப்புப் பசை. சாகக் கிடந்த பெண்கள் அதைத் தின்று எழுந்து உட்கார்ந்தார்கள். 1931ல் வில்ஸ் இதை எழுதினார். அந்தப் பசையில் இருக்கும் எதுவோ ஒன்று ரத்தத்தை உண்டாக்குகிறது என்று தெரிந்தது. அது என்னவென்று தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1941ல் அமெரிக்காவில் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று கருவுற்ற பெண்களுக்குக் கிராமச் செவிலியர் கொடுக்கிறாரே இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை, அதன் கதை இதுதான். அந்த மாத்திரைக்கு முன்னால் பம்பாயிலும் சென்னையிலும் ரத்தம் கொடுத்த, மலம் கொடுத்த, தங்கள் அடுப்படியைத் திறந்து காட்டிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் வரலாற்றில் நிற்கவில்லை. காரணிக்குக்கூட வைத்தியரின் பெயர்தான்.

ஃபோலிக் அமிலம் ரத்த அணுக்களைப் பெருக வைக்கிறது. அப்படியானால் அதைத் தடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால், கட்டுப்பாடின்றிப் பெருகும் ரத்தப் புற்றுநோய் அணுக்கள் நிற்குமா? இந்தக் கேள்விதான் அடுத்த படி. பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் முதலில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகையையே கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்ததுபோல் அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்துதான் எதிர்ப்பொருளுக்குத் திரும்பினார். அந்த எதிர்ப்பொருளைத் தயாரித்துக் கொடுத்தது லெடர்லே நிறுவனத்தில் எல்லப்ரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் சுப்பாராவ். கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். (பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளைக்கே கதருக்காக இந்தக் கதி என்றால், அந்த நாட்களில் நம் பிள்ளைகள் அந்தக் கல்லூரி வாசலை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

1948 ஜூன் மாதம் ஃபார்பரின் கட்டுரை வெளிவந்தது. 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 பேரிடம் முன்னேற்றம். தற்காலிகம்தான். சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் அதுவரை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை என்றால் சில வாரங்களில் இறப்பு என்பது மட்டுமே தெரிந்த உலகத்தில், மருந்தால் அந்த நோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்பது முதல்முறையாகத் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அவர்கள் பயன்படுத்திய மருந்தின் தம்பிதான் மீதோட்ரெக்ஸேட். அடையாற்று வார்டில் நோயாளிக் குழந்தைகளின் அம்மாக்கள் அதை 'மஞ்ச ஊசி' என்பார்கள்.

நடுவில் ஒரு தனியார் நிறுவனம் வருகிறது, மறுக்கவில்லை. வின்கிரிஸ்டின் கதையிலும் அப்படித்தான். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்பட்டு 1963ல் எலி லில்லி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த மருந்து அது. நித்தியகல்யாணியை நம் பக்கம் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஊர்ச் சுடுகாட்டிலும் காலனிச் சுடுகாட்டிலும் ஒன்றுபோலவே பூக்கும். ஆனால் எந்த மருந்தை, எந்த அளவில், எத்தனை மாதம், எதோடு சேர்த்துக் கொடுப்பது என்று கண்டுபிடித்த வேலைக்குப் பின்னால் பெருமளவு அரசுப் பணம் இருந்தது. 1955ல் அமெரிக்க நாடாளுமன்றம் புற்றுநோய் மருந்துகளைத் தேடுவதற்கென்றே 50 லட்சம் டாலர் ஒதுக்கி ஒரு தேசிய மையத்தை ஏற்படுத்தியது. லாபம் தராத கேள்விகளை நிறுவனங்கள் கேட்பதில்லை. பழைய மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தாலும் குழந்தை பிழைக்குமா என்ற கேள்விக்கு எந்த நிறுவனம் காசு போடும்?

அமெரிக்கக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு ஊர் மெம்ஃபிஸ். நிறவெறிச் சட்டங்கள் உயிரோடிருந்த தென்மாநில ஊர் அது. அங்கே 1962ல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை, கறுப்புக் குழந்தையையும் வெள்ளைக் குழந்தையையும் ஒரே வார்டில் சேர்த்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். அங்கே டொனால்ட் பிங்கலின் குழு பல மருந்துகளையும் கதிர்வீச்சையும் சேர்த்து, 1960களின் இறுதிக்குள் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் காப்பாற்ற முடியும் என்று காட்டியது. வார்டில் பாகுபாட்டை ஒழித்த இடத்தில்தான் இந்தப் பாய்ச்சல் நடந்தது என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். முத்துலட்சுமி ரெட்டியை நாம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். தேவதாசிக் குடும்பத்துத் தாய்க்குப் பிறந்து, மருத்துவராகி, 1927ல் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போன அவர், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் அலைந்தார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற மனநிலைதான் அன்றைய அரசிடம் இருந்தது என்று மருத்துவர் சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசியில் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. 1960ல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அங்கேயே வாழ்ந்து அங்கேயே முடிந்தார்கள்.

மாநில அரசு தன் பங்குக்கு 1969ல் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அண்ணா அந்த ஆண்டு பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்திருந்தார். அந்த மருத்துவமனைப் பெயரின் கடைசிச் சொற்கள் 'ஆராய்ச்சி நிலையம்'.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 1970களில் இந்தியாவில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில், நல்ல மருத்துவமனைக்குப் போனவர்களிலும்கூட, நோய் திரும்பாமல் 4 ஆண்டுகள் கடந்தவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. மருந்துகள் அதே மருந்துகள்தான். ஆனால் அமெரிக்காவில் எழுதப்பட்ட சிகிச்சை முறையை அப்படியே இங்கே கொடுத்தால் குழந்தை நோயால் சாகும் முன்பே சிகிச்சையால் செத்தது. 1984 முதல் அடையாறு, பம்பாய் டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து ஒரு பொதுச் சிகிச்சை முறையை வகுத்துக்கொண்டன. எம்.சி.பி. 841 என்று பெயர். இங்கே கிடைக்கிற மருந்து, இங்கே இருக்கிற படுக்கை, இங்கே வருகிற குழந்தை என்று பார்த்துச் செய்த திட்டம். புது மருந்து எதுவும் இல்லை. பிழைத்தவர்கள் விகிதம் 45 முதல் 60 விழுக்காடு வரை உயர்ந்தது.

ஆராய்ச்சி என்றால் இதுதான். பெரிய கருவி இல்லை, குளிரூட்டிய அறை இல்லை. மூன்று வார்டுகள் ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்து, ஒரே மாதிரி எழுதி வைத்து, யார் பிழைத்தார், யார் செத்தார், ஏன் என்று எண்ணிப் பார்த்தது.

எண்ணிப் பார்த்ததில் வேறு சிலவும் வெளிவந்தன. 2005ல் இவர்கள் 20 ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து எழுதினார்கள். 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரமும் அதில் உண்டு. நம் நோயாளிகள் மேலைநாட்டுக் குழந்தைகளைவிட நோய் முற்றிய நிலையில் வந்து சேர்கிறார்கள். சிகிச்சையின் நடுவே அதன் பாதிப்பால் இறப்பவர்கள் அதிகம். இன்னொன்று, 'டி-செல்' எனப்படும் வகை ரத்தப் புற்றுநோய் இங்கே, குறிப்பாகச் சென்னையில், மேலைநாடுகளைவிட அதிகமாக இருந்தது. குழந்தைக்கு எந்த வகை ரத்தப் புற்றுநோய் வரும் என்பதைத் தீர்மானிப்பதில் அது வளரும் சூழலுக்குப் பெரும்பங்கு உண்டு என்று 1982லேயே மக்ராத்தும் ராமோத் என்ற மருத்துவரும் ஒரு கருதுகோளை வைத்திருந்தார்கள். சிறுவயதுத் தொற்று, உணவு, வாழ்நிலை எல்லாம் சேர்ந்த சூழல். நாம் ஊரென்றும் காலனியென்றும் பிரிந்து கிடக்கும் நாட்டில், 'சூழல்' என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும், நம் அரசுதான் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். பாஸ்டனில் இருப்பவர்கள் வந்து கேட்க மாட்டார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஜவ்வாது மலையில் பழங்குடிகள். இங்கே ஒரு குழந்தை வெளுத்துப் போனால் யாரும் பயப்படுவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் சோகை. காலனிக் குழந்தை வெளுத்திருந்தால் சோகை, காய்ச்சல் வந்தால் சளிக்காய்ச்சல், கால் வலிக்கிறது என்றால் விளையாடியிருக்கும். டானிக் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். நான் உடன் போன குடும்பங்களில் சில, இரண்டு மாதம் டானிக் குடித்த பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்கே போயின. முழு ரத்த அணுப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு நாள் கூலிக்குக் குறைவு. சோகை நமக்குச் சாதாரணமாகிவிட்டதால் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோய் தெரிவதில்லை. லூசி வில்ஸ் பார்த்த அதே வெளுப்பு, 90 ஆண்டுகள் கழித்து, இன்னொரு நோய்க்குத் திரையாக நிற்கிறது.

கண்டுபிடித்த பிறகு 2 முதல் 3 ஆண்டு சிகிச்சை. முதல்வர் காப்பீட்டில் மருந்துச் செலவு போய்விடும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு எத்தனையோ குடும்பம் வட்டிக் கடனிலிருந்து தப்பியது. ஆனால் சென்னைக்கு 190 கிலோமீட்டர். வேலூர், புதுச்சேரி கொஞ்சம் பக்கம். அம்மா உடன் போனால் அம்மாவின் கூலி போகும், அப்பா போனால் அப்பாவின் கூலி. மற்ற பிள்ளைகள் பாட்டியிடம். பௌர்ணமியன்று கீமோ தேதி விழுந்தால் பேருந்து நிலையத்தில் கிரிவலக் கூட்டத்தில் மூக்கு வாய் மூடிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மாதத்தில் நான்கு நாள் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு இருக்கை ஒதுக்கத் தெரியவில்லை. வெள்ளையணு இறங்கிய நேரத்தில் வீடு திரும்பினால், வீட்டருகே சாக்கடை. காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்தில் ஊசி போட்டாக வேண்டும். பல குடும்பங்கள் பாதியில் விட்டுவிடுகின்றன. மருத்துவர்கள் இதைச் 'சிகிச்சையைக் கைவிடுதல்' என்று எழுதுகிறார்கள். யார் யாரைக் கைவிட்டது என்று அந்தச் சொல்லில் தெளிவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. 2018ல் அந்த நிறுவனம், 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காடாவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. மருந்து எல்லாம் ஒன்றுதான். இடையில் இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் இனி ஆராய்ச்சி. சத்துக்குறைவான குழந்தைக்கு மருந்தின் அளவை எப்படி மாற்றுவது, எந்த வாரத்தில் தொற்று கொல்கிறது, மாவட்ட மருத்துவமனையில் எந்த ஊசி வரை பாதுகாப்பாகப் போடலாம், எந்தக் குடும்பம் எந்த மாதத்தில் நின்றுவிடுகிறது. இவற்றை ஆராய்ந்துதான் சொல்ல முடியும். 2025 பிப்ரவரி ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் 3 ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள், முதல் ஆண்டில் 200 என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அங்கே குழந்தைக்கு யார், எப்படி மருந்து கொடுப்பார்கள் என்பதற்கு ஆய்வு வேண்டும். இந்த நாடு எல்லாத் துறைக்கும் சேர்த்து ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு (2020-21). அதில் குழந்தைப் புற்றுநோய்க்கு என்று தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும் என்கிறோம்.

பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். அமெரிக்காவில் 2014ல் கேப்ரியல்லா மில்லர் என்ற சிறுமியின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. அரசியல் கட்சிகளின் மாநாடுகளுக்கு அரசு கொடுத்துவந்த பணத்தை நிறுத்தி, அந்த இடத்தில் குழந்தைகளின் நோய்கள் குறித்த ஆராய்ச்சிக்கு 10 ஆண்டுகளில் 12 கோடியே 60 லட்சம் டாலர் வரை ஒதுக்கலாம் என்றார்கள். நம் கட்சி மாநாடுகளின் கொடிக்கம்பச் செலவை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆதிதிராவிடர் துணைத் திட்ட நிதியில் கை வைத்து இதைச் செய்யக் கூடாது. பொதுத் திட்டங்களுக்கு நம் நிதியைத் திருப்பிவிட்டு, பயனாளிகளில் பட்டியல் சாதியினரும் உண்டு என்று கணக்கு எழுதும் வித்தையை எதிர்த்துத்தான் ஆண்டுக்கணக்கில் போராடி, 2024ல் மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. ஆராய்ச்சிக்கான பணம் பொதுச் சுகாதார நிதியிலிருந்து வரட்டும். துணைத் திட்டத்திலிருந்து சிகிச்சைக்குப் போகும் நம் குடும்பங்களுக்குக் கூலி இழப்பீடும் தங்குமிடமும் கேட்கலாம். அது நேரடியாக நம் வீட்டுக்கு வருகிற பணம்.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2012 முதல் தமிழ்நாடு முழுவதுக்குமான புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. நான் புரட்டிய அறிக்கைகளில் வயது, பால், மாவட்டம் எல்லாம் பிரித்திருக்கிறார்கள். சாதிவாரி அட்டவணை இல்லை. சாதி பார்க்காமல் சிகிச்சை கொடுப்பது வேறு, சாதி பார்க்காமல் கணக்கெடுப்பது வேறு. பெண் குழந்தை விஷயத்தில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 2023ல் லான்செட் புற்றுநோய் இதழில் வந்த ஆய்வு, இந்திய மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளில் ஆண் பிள்ளைகளே மிக அதிகம் என்றும், இந்த ஏற்றத்தாழ்வு தெற்கைவிட வடக்கில் கூடுதல் என்றும் காட்டியது. எண்ணிய பிறகுதான் அது மருத்துவ இதழ்களில் பேசுபொருளானது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டுபிடிக்கப்படாமலே போனார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று எண்ணாதவரை, எல்லோருக்கும் சமமாகத்தான் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2025ல் 'காலனி' என்ற சொல்லை அரசு ஏடுகளிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்றோம். சொல் போகட்டும். பதிவேட்டில் கட்டம் வரட்டும்.

அந்த அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். சுடுகாட்டுப் பாதைக்கான மனுவும் இதுவும் ஒரே நாளில் கொடுப்போம் என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறோம். மாநில நல்வாழ்வுத் துறைக்கும் ஐ.சி.எம்.ஆருக்கும் நகல் போகும். சிகிச்சையிலிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வர விரும்பினால் வரலாம், பிள்ளைகளைக் கூட்டத்துக்குள் அழைத்து வர வேண்டாம். கையெழுத்துப் படிவம் என்னிடம் இருக்கிறது.